திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு: டையிங் மாஸ்டரையும் கணக்கில் சேருங்கள்

திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு வணக்கம்.

ஆர்டர் கைக்கு வந்ததும் நிட்டிங்குக்கு இத்தனை நாள், டையிங்குக்கு (சாயமேற்ற) இத்தனை நாள், அப்புறம் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் பதப்படுத்துவது), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று உங்கள் மென்பொருள் அட்டவணை போட்டுவிடுகிறது. தாளில் எல்லாம் சரிதான். ஆனாலும் கடைசி வாரத்தில் ராத்திரி ஷிப்ட் ஓட்டுகிறீர்கள். அதிலும் முடியாவிட்டால் கைக்காசைப் போட்டு விமானத்தில் சரக்கு அனுப்புகிறீர்கள்.

அந்த அட்டவணையில் துணி இருக்கிறது, துணியை நகர்த்தும் ஆட்கள் இல்லை. டையிங் யூனிட்டையே பாருங்கள். எந்தத் துணி எப்போது மெஷினில் ஏறும் என்று அங்கே முடிவுசெய்பவர் டையிங் மாஸ்டர். வெளிர் நிறத்தை முதலிலும் அடர் நிறத்தைப் பிறகும் ஓட்டினால் மெஷின் கழுவுவது குறையும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்றிருக்கும்போது ஒவ்வொரு கழுவலும் காசு. சின்ன லாட் (ஒன்றாகச் சாயமேற்ற வரும் துணித் தொகுதி), அதே நிறத்தில் இன்னொன்று சேரும்வரை கிடக்கும். பழைய பில்லைத் தீர்த்தவர் துணி முன்னால் ஏறும். இதெல்லாம் தெரிந்த மெர்ச்சண்டைசர் (உங்கள் கம்பெனியில் ஆர்டரைக் கவனிப்பவர்) எல்லா லாட்டையும் ‘அர்ஜென்ட்’ என்கிறார், தேவைக்குச் சில நாள் முந்திய தேதியைச் சொல்கிறார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று மாஸ்டருக்கும் தெரியும். யாரையும் குறை சொல்ல முடியாது, அவரவர் பாட்டைப் பார்க்கிறார்கள். தாமதம் அங்கேதான் விளைகிறது.

இதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஏஜென்ட் அடிப்படையிலான மாதிரியாக்கம் என்று ஒரு முறை உண்டு. மாஸ்டர், மெர்ச்சண்டைசர், காம்பாக்டிங்காரர் ஒவ்வொருவரையும் அவரவர் முடிவெடுக்கும் விதத்தோடு தனித்தனியாக உள்ளே விட்டு, சேர்ந்து என்ன நடக்கிறது என்று பார்ப்பது. நெட்லோகோ போன்ற இலவச மென்பொருளே தொடங்கப் போதும்.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 1990-களின் இறுதியில் தன் சரக்குப் பிரிவில் இதைச் செய்தது. சரக்கிடத்தில் சராசரியாக 7 சதவீதம்தான் பயன்பட்டது. ஆனால் சில நிலையங்களில் இடமே போதவில்லை. போக வேண்டிய திசையில் முதலில் கிளம்பும் விமானத்தில் பெட்டியை ஏற்றிவிடுவது ஊழியர்களின் வழக்கம். கேட்டால் நியாயமாகத்தான் படும். மாதிரியில் ஓட்டியபோது, அந்த வழக்கமே பெட்டிகளைத் தேவையில்லாமல் ஏற்றி இறக்க வைத்தது தெரிந்தது. சுற்றிப் போனாலும் கடைசியில் உரிய ஊரைத் தொடும் விமானத்திலேயே பெட்டியை விட்டுவைத்தார்கள். நெரிசலான நிலையங்களில் மாற்றியேற்றும் வேலை 80 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் ஆதாயம்.

நம் ஊரில் சோதிக்க வேண்டியவை வேறு. பில்லை 45 நாளுக்குள் எல்லோரும் தீர்த்தால் வரிசை எப்படி மாறும்? சின்ன லாட்டுகளை இரண்டு மூன்று கம்பெனிகள் நிறம் பார்த்துச் சேர்த்து அனுப்பினால்? ‘அர்ஜென்ட்’டுக்குத் தனி ரேட் வைத்தால் எத்தனை பேர் அந்தச் சொல்லை விடுவார்கள்?

முழுத் திருப்பூரையும் கணினிக்குள் கொண்டுவரும் பேராசை வேண்டாம். டையிங்கும் காம்பாக்டிங்கும் மட்டும் முதலில். கணினியில் ஓட்டும் மாதிரி, போன சீசனில் நடந்த தாமதத்தை ஓரளவு அப்படியே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தூக்கிப் போடுங்கள். ஏசி அறையில் உட்கார்ந்து விதிகளை எழுதினால் நீங்கள் கேட்க விரும்புவதைத்தான் அது சொல்லும். விதிகளை மாஸ்டர்களிடம் கேட்டு எழுத வேண்டும், அதுவும் முதலாளி பக்கத்தில் இல்லாதபோது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். சில கம்பெனிகளும் அவற்றுக்கு வேலை செய்யும் டையிங் யூனிட்டுகளும் சேர்ந்து, ஒரு சீசனின் லாட் வந்த நேரம், வெளியேறிய நேரம், எடை, நிறம், பில் தீர்ந்த நாள் ஆகியவற்றைக் கொடுங்கள். பையர் பெயரும் விலையும் தேவையில்லை.