கட்டுவிரியன் என்றே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஆவணியில் என் தவில் மாணவன் இறந்துபோனான். வயது 21. மறுநாளே அவன் நண்பர்கள் பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். பட்டு வேட்டி, தோளில் தவில், வாசிக்க வலக்கை விரல்களில் மாட்டும் கூடு. படத்தின் கீழே 'அகால மரணம்' என்று மட்டும் இருந்தது. ஊரில் சிலர் நெஞ்சுவலி என்றார்கள், சிலர் செய்வினை என்றார்கள். அவனைக் கொன்றது கட்டுவிரியன். அதை உங்கள் பத்திரிகையில் எழுதி வைக்கவே இந்தக் கடிதம்.

12 வயதில் என்னிடம் வந்தான். ஓர் ஆண்டு முழுக்கக் கட்டையில்தான் 'தத் தித் தொம் நம்' தட்டவைத்தேன், முகம் சுளித்ததில்லை. கூடுகளைத் தானே செய்வான். துணியைப் பசையில் தோய்த்து, விரல் அளவுக்குச் சுற்றி, என் வீட்டுத் திண்ணை வெயிலில் வரிசையாகக் காயவைப்பான். வயதாகி என் விரல்கள் வீங்கியபோது, கேட்காமலே எனக்கும் அளவெடுத்துச் செய்து தந்தான். தவில் மேதைகளான நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊருக்கும் நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை ஊருக்கும் நடுவில் பிறந்தோம் என்பதில் அவனுக்குத் தனிப் பெருமை.

அன்று ஒரு முகூர்த்தத்தில் வாசித்துவிட்டு வந்திருந்தான். இரவு மழை; மின்சாரம் இல்லை. கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவன் 3 மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்தான். கல்யாணச் சாப்பாடு செரிக்கவில்லை என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன்; அந்தத் தாயை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. உடம்பில் காயமில்லை, வீக்கமில்லை. 5 மணிக்கு இமைகள் இறங்கின. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். பிறகு நாக்கு குழறியது, எச்சில் விழுங்க முடியவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. பாயைச் சுருட்டியபோதுதான் நெல் மூட்டைக்கு அடியில் பாம்பைப் பார்த்தார்கள்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம், நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சை நிறுத்தும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். நச்சுமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் நேரத்தில் கிடைத்தால் பிழைக்க முடியுமாம். பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்திருக்கிறது. ஊர்ப் பேச்சிலோ என் பிள்ளை இன்னும் நெஞ்சுவலிதான்.

பங்குனியில் வலங்கைமான் மாரியம்மன் கோயில் பாடைக் காவடியின்போது மேளத்தில் வாசித்தான். நோயிலிருந்து பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனாகப் பாடையில் படுத்து வருவார்கள். "எழுந்திருக்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள் ஐயா" என்றான் என்னிடம். ஐந்து மாதம் கழித்து அவனுடைய பாடைக்குப் பின்னால் நடந்தேன். சுடுகாடு வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பதினாறாம் நாளுக்குப் புது பேனர் வைக்க நண்பர்கள் வந்தபோது, அவன் எப்படி இறந்தான் என்பதையும் போடச் சொன்னேன். பிள்ளைகள் தயங்கினார்கள்; அம்மாதான் "போடுங்கப்பா" என்றார். படத்தின் கீழே இப்போது இப்படி இருக்கிறது: "தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணமில்லாத வயிற்றுவலியா? இமை தொங்குகிறதா? கடித்த தடம் தேடிக் காத்திருக்காதீர்கள். உடனே 108."

பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் அதை வாய்விட்டுப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தவில் ஆசிரியர்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.