நியூ ஆர்லியன்ஸ் பாட்டுக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள இர்மா தாமஸ் அம்மாவுக்கும், மைக்கேல் வைட், டேவல் கிராஃபர்ட் அவர்களுக்கும், ‘ஆவர் நியூ ஆர்லியன்ஸ்’ இசைத்தட்டில் பாடிய, வாசித்த மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். மடல் உங்களுக்குத்தான், ஆனால் படிக்கப்போவது என் தமிழ் நண்பர்கள். பரவாயில்லை, நன்றியை நாலு பேர் அறியச் சொல்வதில் தப்பில்லை.

2005 ஆகஸ்ட் 29 அன்று, அமெரிக்காவில் எங்கள் ஊரான நியூ ஆர்லியன்ஸ் பக்கம் கத்ரீனா புயல் கரையேறியபோது நாங்கள் ஹூஸ்டனில் ஒரு நண்பர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்த நேரத்தில் கால்வாய்க் கரைச் சுவர்கள் உடைந்த செய்தி வந்தது. ஊரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது. பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தால் தெருவெங்கும் ஃபிரிட்ஜ்கள், கதவு திறந்துவிடாதபடி டேப் சுற்றி நின்றன. உள்ளே இருந்ததெல்லாம் கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் அழுகிய மீனும் இறைச்சியும். வாசற்கதவுகளில் மீட்புப் படையினர் ஸ்பிரே பெயிண்டில் போட்ட பெருக்கல் குறி. அதன் கீழ்க் கட்டத்தில், உள்ளே எத்தனை பேரைக் கண்டார்கள் என்ற கணக்கு. எங்கள் வாசலில் பூஜ்யம் என்று எழுதியிருந்தது.

அந்த டிசம்பரில்தான் உங்கள் ‘ஆவர் நியூ ஆர்லியன்ஸ்’ இசைத்தட்டு வெளிவந்தது. நன்சச் நிறுவனம் வெளியிட்டு, வருமானத்தை வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டித்தரும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டிக்குக் கொடுத்தது. நிதி திரட்டப் பாடுவது புதிதல்ல. ஆனால் இங்கே பாடியவர்களில் பலர் தாங்களே நிவாரணம் வாங்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள். இர்மா அம்மா, உங்கள் வீடும் போனது, நீங்கள் நடத்திய லயன்ஸ் டென் என்ற இசை கிளப்பும் போனது. இதே தட்டில் பாடிய பியானோக்காரர் ஆலன் டூசான் வீட்டையும் ஸ்டூடியோவையும் இழந்து நியூயார்க் போனார். மைக்கேல் வைட், பல காலமாக நீங்கள் சேர்த்த பழைய கிளாரினெட்டுகளும் ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகளும் சேற்றில் ஊறிப்போயின. அப்புறமும் வந்து வாசித்தீர்களே!

டேவல், உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ‘ஆற்றங்கரையில் கூடுவோம்’ என்ற பொருளில் நீங்கள் பாடியது சர்ச் வழி வந்த பாட்டு. கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களில் ஆறு என்றால் பெரும்பாலும் பைபிளில் வரும் யோர்தான் நதி. அக்கரை போனால் துன்பமில்லை என்பது நம்பிக்கை. தண்ணீர் ஊரையே வாரிக்கொண்டு போன சில மாதங்களில் ஆற்றைப் பாட என்ன தைரியம் வேண்டும்! நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டில் ஆறு வரும்போது என் மனைவி அழுதாள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இர்மா அம்மா பாடியது அந்தக் காலப் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் பழைய வெள்ளப் பாட்டு. அது பக்திப் பாட்டு இல்லை, கறுப்பின மக்களின் சோகப் பாட்டு வகையான ப்ளூஸ்தான். ஆனால் பாப்டிஸ்ட் சபைப் பாடகர் குழுவில் வளர்ந்த குரலாயிற்றே, எதைப் பாடினாலும் ஜெபம் மாதிரிதான் கேட்கிறது.

தட்டில் பெயர் வராதவர்களுக்கும் நன்றி. விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகாமல், முகமூடி கட்டிக்கொண்டு வந்து பூஞ்சை பிடித்த சுவர்களைப் பெயர்த்துப் போட்ட கல்லூரிப் பிள்ளைகளே, உங்களைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் இசைக்கலைஞர்கள் ஹேரி கானிக் ஜூனியரும் பிரான்ஃபர்ட் மர்சாலிஸும் யோசனை சொல்லி, அதே ஹேபிடட் அமைப்பு ஊரின் ‘அப்பர் நைன்த் வார்டு’ பகுதியில் எழுப்பிய இசைக்கலைஞர் குடியிருப்பையும் சொல்லாமல் விட முடியாது. 70-க்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். வீடு இனாம் இல்லை. கடனாகத்தான், அதோடு கட்டுமானத்தில் தாங்களும் உழைக்க வேண்டும். கடன் தகுதி பார்த்ததில் இசைக்காரர்கள் பலர் தேறவில்லை. இரவு வாசித்துக் கையில் காசு வாங்குகிறவர் வருமானச் சான்றுக்கு எங்கே போவார்? அந்தக் குறை எனக்கு உண்டு. ஆனாலும் வீடு கிடைத்தவர்கள் ஊரிலேயே தங்கினார்கள், அது சின்ன விஷயமில்லை.

அந்த இசைத்தட்டில் பங்கெடுத்த எடி போ, வார்டெல் கெஸர்க், ஆலன் டூசான், டாக்டர் ஜான் நால்வரும் இன்று இல்லை. அவர்கள் குடும்பத்தாருக்கு எங்கள் வணக்கத்தைச் சேர்த்துவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
முன்னாள் நியூ ஆர்லியன்ஸ்வாசி ஒருவன்