சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணீருக்கு ஒரு கிலோ

ஹட்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் சொன்னது இரவெல்லாம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. உன் 10 லட்சத்துக்கும் திட்டம் போட்டுத் தர ஒரு நிதி ஆலோசகர் கிடைத்திருக்கிறார், அதற்கு ஒரு சதமும் வாங்க மாட்டார் என்றாய். அந்தக் கடைசி வார்த்தைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

சின்ன வயதில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு என் பின்னாலேயே ஓடி வருவாய். நாளைக்கு மூன்று நிறுவை. தராசு முள் 11இல் நிற்கும், கணக்கப்பிள்ளை 9 என்று எழுதுவார். சாக்குக்கு ஒரு கிலோ, கொழுந்தில் இருக்கும் தண்ணீருக்கு ஒரு கிலோ. வெயில் கொளுத்தும் நாளிலும் தண்ணீருக்குக் கழிவு உண்டு. நாளைக்கு 6 கிலோ. மாதம் 25 நாள் வேலைக்குப் பேர் விழுந்தால் 150 கிலோ. என் கையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை, மகள். சம்பளத் துண்டிலும் அந்த 150 கிலோவைத் தேட முடியாது. எழுதுவதற்கு முன்பே கழிந்துவிட்டது.

ஆலோசகரின் கூலியும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் கழியலாம். திட்டம் போட்டுத் தருவதற்கு இவ்வளவு என்று நேரடியாக வாங்குகிறவர் இருக்கிறார். அவருடைய தொகை பெரிதாகத் தெரியும், ஆனால் தெரிகிறது. சிலர் உன் பணத்தில் வருடத்துக்கு இத்தனை சதவீதம் எடுப்பார்கள். இலவசம் என்கிறவருக்கோ, அவர் உன் தலையில் கட்டும் காப்புறுதியையோ முதலீட்டையோ விற்கும் நிறுவனம் கமிஷன் கொடுக்கும். அந்தக் கமிஷனும் நீ கட்டும் பணத்திலிருந்துதான் போகிறது. பலருடைய பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்டிலும் நிர்வாகக் கட்டணத்தைக் கழித்த பிறகுதான் அலகின் விலையைச் சொல்வார்கள்.

ஒரு சதவீதம்தானே என்று நினைக்காதே. உன் 10 லட்சம் வருடம் 10 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொண்டு தம்பியைக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். 20 வருடத்தில் 67 லட்சத்தைத் தாண்டுகிறது. கட்டணம் போய் 9 சதவீதம் வளர்ந்தால் 56 லட்சம். இடையில் போன 11 லட்சம், நீ முதலில் போட்டதைவிட அதிகம்.

அப்பாவுக்கு ஒருவர் காப்புறுதி எழுதிக் கொடுத்தது உனக்கு நினைவிருக்காது. லயத்து வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்து, அண்ணன் அண்ணன் என்று பேசினார். இரண்டு வருடம் கட்டினோம். பாட்டிக்கு நோய் வந்ததும் நிறுத்தினோம். ஒரு ரூபாயும் திரும்பி வரவில்லை. இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆகவே அவரிடம் நேராகவே கேள்: “எனக்காகச் செய்யும் வேலைக்கு யாரிடமிருந்து, எவ்வளவு வாங்குகிறீர்கள்? மூன்றாம் வருடம் நான் விலகினால் கையில் என்ன வரும்?” பதிலை எழுதித் தரச் சொல். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடு. அவர் முதலில் என்ன கேட்டார் என்பதையும் யோசித்துப் பார். உன் கடன், ஊழியர் சேமலாப நிதியில் உன் சம்பளத்திலிருந்து போகும் 8 சதவீதமும் கம்பனி போடும் 12 சதவீதமும் சேர்ந்து எவ்வளவு ஆகியிருக்கிறது, திடீர்ச் செலவுக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டாரா, எடுத்தவுடன் வண்ணத்தாளை விரித்தாரா?

நிதிக் கம்பனியில் போடச் சொன்னால் மத்திய வங்கி வெளியிடும் அனுமதி பெற்றவற்றின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று நீயே பார். இருந்தாலும், கம்பனி விழுந்தால் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரைதான் வைப்புக் காப்புறுதி திருப்பித் தரும். காப்புறுதி முகவர் என்றால் அதற்கான ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம்.

தீபாவளிக்கு வரும்போது அவர் எழுதிக் கொடுத்த தாளையும் கொண்டு வா. தம்பியோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம். அதுவரை எதிலும் கையெழுத்து வைக்காதே, மகள். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

அன்புடன்,
அம்மா