பூட்டு உடையாத திருட்டு

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டுக்குக் குடிபோன கதையை எழுதுவாய் என்று பார்த்தால், வைஃபையில் ஓடும் சாமான்களின் பட்டியலைத்தான் எழுதியிருக்கிறாய். வாசலில் கேமரா, போனிலிருந்தே திறக்கிற பூட்டு, தானாகச் சூடேற்றும் ஹீட்டர், தண்ணீர் கசிந்தால் செய்தி அனுப்பும் சென்சார். வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்க வந்த ஏஜென்ட், கூடவே ஒரு சைபர் பாலிசியும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். எடுக்கலாமா என்று கேட்கிறாய். காலமெல்லாம் க்ளைம் பிரிவில் குப்பை கொட்டியவனிடம் கேட்டால் பதில் சுருக்கமாக வராது. தெரிந்துதானே கேட்டாய்?

இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், வீட்டில் தரையில் எதையும் வைக்க முடிவதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெயரைப் பார்த்து ஏமாறாதே. வீட்டுக்காரர்களுக்கு என்று விற்கும் சைபர் பாலிசிகள் பெரும்பாலும் வீட்டைக் காப்பவை அல்ல. ஆன்லைன் மோசடியில் போன பணம், உன் பெயரில் வேறு ஒருவன் கடன் வாங்கினால் அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, கணினியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டினால் வரும் செலவு, வைரஸ் புகுந்த கருவியைச் சுத்தம் செய்கிறவருக்குக் கூலி, இப்படித்தான் இருக்கும். இவை வேண்டாதவை என்று சொல்லவில்லை. ஆனால் நீ பயப்படுவது பூட்டையும் ஹீட்டரையும் நினைத்து. அவை அந்தப் பாலிசிக்குள் வருகின்றனவா என்பது முதலில் வரையறைப் பக்கத்தைப் பொறுத்தது. சிலவற்றில் 'வீட்டில் இணையத்தோடு இணைந்த கருவிகள்' என்று தெளிவாக எழுதியிருப்பார்கள். சிலவற்றில் கணினியும் கைபேசியும் மட்டும்தான். இரண்டாவது வகை உனக்குப் பயன்படாது.

முதல் வகையே கிடைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவன் உன் பாஸ்வேர்டை எப்படியோ பிடித்து, செயலியிலிருந்தே பூட்டைத் திறந்து, உள்ளே வந்து நகையை எடுத்துக்கொண்டு போகிறான் என்று வை. கதவில் ஒரு கீறல்கூட இல்லை. நீ வீட்டுக் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகிறாய். பல வீட்டுப் பாலிசிகளில் திருட்டுக்கு இழப்பீடு வேண்டுமானால், பலவந்தமாக உள்ளே நுழைந்ததற்குக் கண்ணுக்குத் தெரியும் தடயம் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். நஷ்டத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பூட்டைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார், அப்புறம் உன்னைப் பார்ப்பார். 'இது சைபர் சமாச்சாரம், அங்கே கேளுங்கள்' என்பார்கள். சைபர் பாலிசிக்காரரிடம் போனால், 'பொருள் களவுபோவதும் கட்டடம் சேதமாவதும் எங்கள் விலக்குப் பட்டியலில் இருக்கிறது, வீட்டுப் பாலிசியில் கேளுங்கள்' என்பார்கள். பிரீமியம் இரண்டு இடத்திலும் கட்டியிருப்பாய். நடுவில் நிற்பதும் நீதான்.

முன்பெல்லாம் சொத்துப் பாலிசிகள் சைபர் பற்றி வாயே திறக்காது. சொல்லாமல் விட்டதை வைத்தே வாதாடி ஜெயித்தவர்கள் உண்டு. இப்போது அந்த வழியும் குறுகிவிட்டது. சைபர் இழப்பு உள்ளே சேர்த்தியா, வெளியே விலக்கா என்று வெளிப்படையாக எழுதியாக வேண்டும் என்று லண்டனில் உள்ள லாய்ட்ஸ் என்ற பெரிய காப்பீட்டுச் சந்தை 2019இல் சொல்லிவிட்டது. சொத்துப் பாலிசிகளுக்கு அது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறை. எழுதச் சொன்னால் கம்பெனிகள் எந்தப் பக்கம் எழுதுவார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஹீட்டர் விஷயமும் கற்பனை இல்லை. 2016 நவம்பரில் பின்லாந்தின் லப்பேன்ராந்தா நகரத்தில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை இணையத்தில் போலிக் கோரிக்கைகளால் திணறடித்தார்கள். தாக்குதலைத் தாங்க அது தன்னை அணைத்துத் திரும்ப இயக்கிக்கொண்டே இருந்தது, அதனால் வீடுகளுக்குச் சூடு போகவில்லை. அந்தக் குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்திருந்தால் அந்தச் செலவு எந்தப் பாலிசியில் வரும்? உன் ஏஜென்டிடம் இதே கேள்வியைக் கேள். 'எல்லாம் வந்துவிடும் சார்' என்று வாயால் சொன்னால் தலையாட்டிவிடாதே. எழுத்தில், கம்பெனியின் மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும்.

கேமராவைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு கவலை இல்லை. 2016இல் மிராய் என்ற நிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டு, அவற்றை வைத்தே அக்டோபர் 21 அன்று, இணையதளங்களின் முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் டைன் நிறுவனத்தைத் தாக்கி ட்விட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் பல மணி நேரம் முடக்கியது. அதற்குப் பெரிய மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்துக் கொடுத்த அறுபது சொச்சம் பயனர்பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது. மாற்றாமல் விட்டவர்களின் கருவியெல்லாம் சிக்கியது. கேமராவின் சொந்தக்காரர்கள் பலருக்கு நடந்தது தெரிந்தே இருக்காது, அவர்களுக்கு நஷ்டமும் இல்லை. இதற்குப் பாலிசியைவிட நல்ல பாஸ்வேர்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் மேல். கேமராவையும் விளக்கையும், விருந்தாளிகளுக்கென்று ரவுட்டரில் தனியாக இருக்கும் கெஸ்ட் வைஃபையில் போட்டுவிடு, வங்கிக் கணக்குப் பார்க்கிற கணினி இன்னொன்றில் இருக்கட்டும்.

க்ளைம் மறுக்கப்படுகிற இடங்களில் பராமரிப்பு நிபந்தனையும் ஒன்று. 'நியாயமான பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும்', 'அப்டேட் செய்திருக்க வேண்டும்' என்று எழுதியிருப்பார்கள். கருவியைத் தயாரித்தவனே அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டால் நீ எங்கே போய் அப்டேட் செய்வாய்? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்து விற்கக் கூடாது, பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை தருவோம் என்று விற்கும்போதே சொல்ல வேண்டும். இப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் அந்தத் தேதியைத் தேடிப் பார்த்து வாங்குவது நல்லது. தேதி தாண்டிய கருவியைப் பற்றி உன் பாலிசி என்ன சொல்கிறது என்றும் கேள். வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ரிவால்வ் என்ற மையக் கருவியை, அதை வாங்கிக்கொண்ட நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதம் சர்வரோடு சேர்த்து நிறுத்திவிட்டது. வீட்டில் இருந்த கருவி அன்றோடு வெறும் டப்பா. தாக்குதல் இல்லை என்பதால் இந்த மாதிரி நஷ்டத்துக்குச் சைபர் பாலிசி பொதுவாக வாய் திறக்காது.

போர் விலக்கு, அதாவது போரால் வரும் நஷ்டத்துக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடாதே. அரசுகள் நடத்தும் சைபர் தாக்குதல் வீடுவரை வரும். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற நிரல் 54 நாடுகளில் ஐந்து லட்சம் ரவுட்டர்களுக்குள் புகுந்தது. அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் இருந்தவை. ரவுட்டரை அணைத்துத் திரும்ப இயக்குங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ ஊருக்கெல்லாம் சொன்னது. அதன் பின்னால் இருந்தது ரஷ்ய அரசோடு தொடர்புள்ள கூட்டம் என்றார்கள். லாய்ட்ஸ் சந்தையில் 2023 மார்ச் 31 முதல், தனிச் சைபர் பாலிசிகளில் அரசு பின்னணியுள்ள தாக்குதலுக்கு விலக்கு எழுத வேண்டும் என்று விதி. யார் தாக்கினார்கள் என்று நிரூபிப்பது யார் பொறுப்பு என்பதையும் அந்த வாசகத்தில் தேடு.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? தண்ணீர் கசிவு சென்சார் வைத்தால் பிரீமியத்தில் தள்ளுபடி தருகிற கம்பெனிகள் உண்டு. அதே சென்சார் வழியாக எவனாவது புகுந்தால் என்ன என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

என் யோசனை இதுதான். ஆன்லைனில் பணம் நிறையப் புழங்குகிற வீடு உன்னுடையது, அதனால் மோசடிப் பகுதிக்காகவே சைபர் பாலிசியை எடுக்கலாம். ஆனால் ஏமாந்து நீயே அனுப்பிய பணத்துக்கு உச்சவரம்பு தனியாக, ரொம்பக் குறைவாக இருக்கும், அதைப் பார். எத்தனை நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் பார். பூட்டுக்காக இதை எடுக்காதே. அதற்கு வீட்டுப் பாலிசியிலேயே, மின்னணு முறையில் திறந்து நடந்த திருட்டும் சேர்த்தி என்று ஒரு வரி கேட்டு வாங்கு. தர மறுத்தால் வாசலுக்குச் சாவி போட்டுத் திறக்கும் பழைய பூட்டையும் கூடவே மாட்டிவிடு. கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வரையறை, விலக்கு, நிபந்தனை, இந்த மூன்று பகுதியை மட்டும் இரண்டு பாலிசியிலிருந்தும் படம் எடுத்து அனுப்பு. விளம்பரத் தாளை அனுப்பாதே, அதில் எல்லாம் சேர்த்திதான். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். மகன் வேலை மாறினானா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன், நீ பதிலே எழுதவில்லை.

அன்புடன்,
செல்வம்