ஆட்டின் மூக்கில் ஏற்கெனவே குடியிருந்தவை

அடிலெய்டு
ஞாயிறு காலை

அன்புள்ள தேனு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கொட்டிலிலிருந்து ஏதாவது அழைப்பு வந்துவிடுகிறது. இன்று எனக்கு முறை இல்லை. ஜூலைக் குளிர், ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர்த்துளி. அடுப்பில் ரசம் கொதிக்கிறது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போடச் சொல். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி முகாம் முடிந்ததா? இந்த வெயிலில் பரமக்குடிப் பக்கம் கிடை கிடையாக அலைந்திருப்பாய்.

"நல்லா இருக்கிற ஆட்டைப் பிடிச்சு ஏன்டி அதோட மூக்குல கிருமியை விடுறீங்க?" என்று கேட்டிருந்தாய். கோபத்தோடுதான் கேட்டிருக்கிறாய் என்று கையெழுத்தே சொன்னது. நியாயமான கேள்விதான். மனிதரின் மூக்கு நோய்க்கான மருந்தை ஆட்டில் சோதிக்கும் இந்த வேலையில், அதற்குப் பதில் சொல்ல முடியாதவள் இருக்கக் கூடாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் பாட்டிமார் பீனிசம் என்பார்களே, இப்போது எல்லோரும் சைனஸ் என்கிறார்கள், அது 12 வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் நாள்பட்டது என்று கணக்கு. ஐரோப்பாவில் எடுத்து 2011இல் வெளியிட்ட ஒரு பெரிய கணக்கெடுப்பில் நூறு பேரில் ஏறத்தாழ 11 பேருக்கு அந்த அறிகுறிகள் இருந்தன. உயிரை எடுக்காது, ஆனால் வாழவும் விடாது. மோப்பம் போய்விடும், தூக்கம் போய்விடும். அறுவை செய்தும் திரும்ப வருகிற நோயாளிகளின் மூக்கில் பெரும்பாலும் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இருக்கிறது. அதுவும் தனித்தனியாக இல்லை, படலம் கட்டிக்கொண்டு. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரைத் தடவிப் பார்த்திருக்கிறாய் அல்லவா, வழவழவென்று இருக்குமே, தண்ணீரை எத்தனை முறை மாற்றினாலும் போகாது, தேய்த்தால்தான் போகும். அதே போலத்தான். படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு வழக்கமான அளவு ஆன்டிபயாடிக் உறைப்பதே இல்லை.

இதைச் சோதிக்க எலியின் மூக்கு போதாது. செம்மறியின் மூக்குக்குள் மனிதருக்குப் பயன்படுத்தும் அதே எண்டோஸ்கோப், அதாவது உள்ளே பார்க்கும் குழாய், போகும். உள்சவ்வும் நம்முடையதைப் போன்றதுதான். நெற்றி எலும்புக்குள் இரண்டு பக்கமும் தனித்தனி அறை இருப்பதால் ஒரு பக்கம் மருந்தும் மறுபக்கம் வெறும் உப்புநீரும் விட்டு ஒப்பிடலாம். இதே ஊரில் மூக்கு அறுவை மருத்துவர் பீட்டர் ஜான் வோர்மால்டின் குழுதான் 2007இல் செம்மறியின் நெற்றி அறையில் இந்தப் படலத்தை வளர்த்துக் காட்டியது. அதற்குப் பிறகு எத்தனையோ மருந்துகளை ஆட்டில் பார்த்துவிட்டார்கள். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களை, அதாவது ஃபேஜ்களை, முதலில் செம்மறிக்கு விட்டுப் பார்த்தார்கள். ஆட்டில் தீங்கு இல்லை, படலம் குறைகிறது என்று தெரிந்த பிறகுதான் மனிதருக்கு. 2019இல் வெளிவந்த அந்த முதல் சோதனையில் 9 நோயாளிகள். ஒருவருக்கும் பெரிய பக்கவிளைவு இல்லை. அந்த 9 பேருக்கு முன்னால் எத்தனை ஆடுகள் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, தேனு. சந்தோஷமா துக்கமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "நல்லா இருக்கிற ஆடு" என்று நீ எழுதியிருக்கிறாய். நம் ஆட்கள் பலரும் "சுத்தமான ஆடு" என்பார்கள். நாங்கள் கிருமியை விடுவதற்கு முன்பும் அந்த மூக்கு காலி வீடாக இருந்ததில்லை. மண்ணை மோந்து, புழுக்கையின் மேல் படுத்து, அசைபோட்டு, நீட்டிய நாக்கால் மூக்குத்துளையையே துழாவிக்கொள்ளும் பிராணி அது. மேன்ஹெய்மியா, பாஸ்ச்சுரெல்லா, மைக்கோபிளாஸ்மா ஓவிநிமோனியே என்ற பாக்டீரியாக்கள் எல்லாம் நலமான ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகக் கிடப்பவை. உனக்கு நான் சொல்லவே வேண்டாம். லாரியில் ஏற்றி ஓர் இரவு குலுக்கி இறக்கினால் மூன்றாம் நாள் அதே பாக்டீரியா நுரையீரலுக்கு இறங்கி ஆட்டைச் சாய்ப்பதை நீ எத்தனை முறை பார்த்திருக்கிறாய்!

ஆரியஸும் அப்படித்தான். மனிதரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் அதைச் சுமக்கிறார். செம்மறியும் சுமக்கிறது. ஆனால் ஆட்டில் இருப்பது பெரும்பாலும் வேறு குடும்பம். அசைபோடும் விலங்குகளில் பரவலாக இருக்கும் சிசி133 என்ற கிளையின் மரபணுவை 2010இல் ஆராய்ந்தவர்கள், அதன் முன்னோர் மனிதரிடமிருந்து தாவியது என்று கண்டார்கள். நம்மிடமிருந்து போய், அங்கேயே தங்கி, ஆட்டுக்கு ஏற்றபடி மாறிவிட்டது. தட்டில் வளர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பொன்னிறப் புள்ளிகள். கண்ணால் பார்த்து எது விருந்தாளி, எது வீட்டுக்காரன் என்று சொல்ல முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு சோதனை நடந்தது. இடது அறையில் ஆரியஸ், வலது அறையில் ஒன்றும் விடவில்லை. கடைசி நாள் சவ்வை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்கள். வலது பக்கமும் பச்சையாக ஒளிர்ந்தது. உயிருள்ள பாக்டீரியா பச்சையாகத் தெரியும் சாயம் அது. இடதிலிருந்து கசிந்ததா, கொட்டிலில் இருந்து வந்ததா, முதலிலேயே இருந்ததா? சொல்ல வழியே இல்லை. ஆடுகள் வந்த முதல் நாள் யாரும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து வைக்கவில்லை. ஆறு ஆடுகள், தேனு. ஆறையும் அதற்குள் கருணைக்கொலை செய்தாகிவிட்டது. அந்த முடிவுகளை வைத்து எதையும் எழுத முடியாமல் கோப்பை மூடினார்கள். ஆறு குச்சி எடுத்திருந்தால் போதும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது இருக்கும் இடத்தில் அந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஆடு வந்ததும் ஒரு மாதிரி, புது மந்தையோடு பழகிய பிறகு ஒன்று, அறுவை அன்று ஒன்று. இரண்டு பண்ணை ஆடுகளைச் சேர்த்துக் கட்டினால் மூக்கில் இருப்பவையும் கலந்துவிடும் என்பதால் ஒரு சோதனைக்கு ஒரே பண்ணை ஆடுகள்தான். வளர்த்துப் பார்ப்பதோடு, எந்தப் பாக்டீரியா என்று அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவைப் படித்தும் பார்க்கிறோம், வளராதவையும் அதில் அகப்படும். ஆனால் சைனஸ் அறைக்குள் பாக்டீரியா கொஞ்சம்தான் இருக்கும். கொஞ்சமாக இருக்கும் இடத்தில், டிஎன்ஏ பிரிக்கும் மருந்துப் புட்டியிலேயே ஒட்டியிருக்கும் பாக்டீரியா டிஎன்ஏ பெரிதாகத் தெரிந்துவிடும். 2014இல் இதைத் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். அதனால் எந்த மூக்கிலும் படாத ஒரு வெறுங்குச்சியையும் ஒவ்வொரு முறையும் கூடவே அனுப்புகிறோம்.

மார்ச் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். 47 என்று காதில் மஞ்சள் வில்லை மாட்டிய மெரினோ பெண்ணாடு. முந்தின நாளே தீவனத்தை நிறுத்திவிட்டோம். மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டு, மூக்கு தொண்டையைவிடத் தாழ்ந்திருக்கும்படி தலையை வைத்தோம். மயக்கத்தில் அசைநீர் பசேலென்று மேலே வந்துவிடும், உனக்குத் தெரியும். அது மூக்குக்குள் புகுந்துவிட்டால் அப்புறம் நாங்கள் எண்ணுவது மூக்குப் பாக்டீரியாவை அல்ல, வயிற்றுப் பாக்டீரியாவை. அதனால் வேறு எதையும் தொடும் முன் மாதிரி எடுத்துவிட வேண்டும். துளையின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, உறைக்குள் இருக்கும் குச்சியை எண்டோஸ்கோப்பின் கண் முன்னாலேயே உள்ளே கொண்டுபோனோம். திரையில் ரோஜா நிறச் சவ்வு ஈரமாக மின்னியது. ஒரு மடிப்பைத் தாண்டியதும் சவ்வு சிவந்து தடித்திருந்தது, கோழை நூல் நூலாகத் தொங்கியது. அதற்குப் பின்னால் ஏதோ அசைந்தது. வெளிர்மஞ்சள் உடம்பு, முதுகில் குறுக்கே கறுப்புப் பட்டைகள், இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். வெளிச்சம் பட்டதும் நெளிந்து உள்ளே போய்விட்டது.

நம் மூக்குப்புழுதான்! ஈஸ்ட்ரஸ் ஓவிஸ். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில், தலைக்கறிக்காகக் கடைக்காரர் செம்மறித் தலையைப் பிளந்தபோது உள்ளே ஊர்ந்ததே, நீ வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாயே, அதேதான். ஈ முட்டையிடாமல் உயிருள்ள புழுவையே மூக்குத்துளையில் பீய்ச்சிவிட்டுப் போகும். புழு மேலே ஏறி நெற்றி அறையில் வளர்ந்து, ஆடு தும்மும்போது வெளியே விழுந்து மண்ணில் கூடு கட்டும். நாங்கள் ஆரியஸ் விடும் அதே அறையில்தான் அதுவும் வளர்கிறது. அது இருந்தால் சவ்வில் ஒவ்வாமை அணுக்கள் குவிந்து கிடக்கும். அதைப் பார்க்காமல் சோதனையைத் தொடங்கியிருந்தால், புழு செய்த வீக்கத்தையெல்லாம் பாக்டீரியாவின் கணக்கில் எழுதியிருப்போம். ஐவர்மெக்டின் என்ற புழுமருந்து போட்டதாகப் பண்ணையிலிருந்து வந்த தாளில் இருந்தது. தாள் சொன்னது ஒன்று, மூக்கு சொன்னது வேறு.

அன்றைக்கே 47ஐச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டோம். மயக்கம் தெளியும்வரை அதன் தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். செம்மறிக்கு அறிவு கிடையாது என்று நம்மில் பாதிப் பேர் சொல்வார்கள். 50 சக ஆடுகளின் முகத்தை இரண்டு வருஷம் வரை அது ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று இங்கிலாந்தில் சோதித்து 2001இலேயே எழுதிவிட்டார்கள். மருந்து போட்டுத் தனியே வைத்திருந்து இரண்டு வாரம் கழித்து 47ஐப் பட்டிக்குள் விட்டபோது அது நேராக 52ஆம் எண் ஆட்டின் பக்கத்தில் போய் நின்றது. முன்பும் எப்போதும் அங்கேதான் நிற்கும்.

என் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். நலமாக இருக்கிறேன். ஆடுகளோடு வேலை என்பதால், ஆடுமாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் க்யூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, தோல் பரிசோதனை இரண்டும் உண்டு. ஏற்கெனவே அந்தக் கிருமியைச் சந்தித்தவருக்கு ஊசி போட்டால் உடம்பு கடுமையாக எதிர்க்கும் என்பதால் அப்படி. 1935இல் பிரிஸ்பேன் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு வந்தபோது என்ன காய்ச்சல் என்றே புரியாமல், கேள்வி என்று பொருள்படும் 'க்வெரி' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை வைத்துச் சூட்டிய பெயர் அது. நம் ஊரில் ஈற்று பார்க்கும் நீயும் கையுறை, முகமூடி இல்லாமல் நஞ்சுக்கொடியைத் தொடாதே. இதைச் சொன்னால் சிரிப்பாய், ஆனாலும் சொல்கிறேன்.

உன் கேள்விக்கு முழுப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கவில்லை. நான் செய்யக்கூடியது ஒன்றுதான். ஓர் ஆட்டின் உயிரை எடுக்கத்தான் போகிறோம் என்றால், அது எதைச் சுமந்துகொண்டு வந்தது என்று முதலில் அதனிடம் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் இன்னோர் ஆடு தேவைப்படும்.

சரி, எனக்கு ஒரு உதவி செய். பரமக்குடியில் தலைக்கறிக்காகத் தலை பிளக்கும் கடைக்காரரிடம், எந்த மாதங்களில் புழு அதிகம் பார்க்கிறார், ராமநாதபுரம் வெள்ளை ஆட்டில் அதிகமா கீழக்கரிசலில் அதிகமா என்று கேட்டு எழுது. அவர் வருஷத்துக்கு எத்தனை தலை பிளக்கிறாரோ, அத்தனை நெற்றி அறைகளை இங்கே யாரும் திறந்து பார்த்ததில்லை. அப்படியே கிடையில் கீதாரிகளிடமும் கேள், ஆடு மூக்கை மண்ணில் புதைத்துக்கொண்டு வட்டமாக நிற்பது எந்த மாதத்தில் என்று. புழு விழுந்தால் ஒன்றிரண்டைச் சாராயத்தில் போட்டு வை, டிசம்பரில் வரும்போது பார்க்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். ரசம் பொங்குகிறது, போகிறேன்.

என்றும் உன்,
வாணி