வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பும் பிள்ளைகளின் ஆதாரும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா, இடைவேளை நேரத்தில் போனும் கையுமாக என் அறைக்கு வந்தார். "கல்வித்துறையில இருந்து பேசுறோம், உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் முப்பத்தெட்டாயிரம் வந்திருக்கு, அனுப்புற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கன்னு ஒருத்தர் சொல்றார் சார். நீங்கதான் நம்பர் கொடுத்தீங்களா?" என்றார். நல்லவேளை, பணம் போகவில்லை. வரப்போகிற பணத்துக்கு நாம் எதற்காக யுபிஐ பின் நம்பர் போட வேண்டும் என்று அவருக்கே பொறி தட்டியிருக்கிறது, லைனைத் துண்டித்துவிட்டார். ஆனால் பேசியவனுக்குப் பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு, அப்பா பெயர் வரை தெரிந்திருந்தது.

அன்று மாலை அந்த வகுப்பின் குரூப்பைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஜூன் மாதத்தில் வகுப்பாசிரியர், "ஆதார் நகலை உடனே அனுப்பவும்" என்று போட்டிருந்தார். போடச் சொன்னது நான்தான். விவரங்களைப் பதிவேற்றக் கடைசி நாள் நெருங்கியிருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் வரிசையாக 31 ஆதார் படங்கள். இரண்டு பேர் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். குரூப்பில் இருந்தவை 58 எண்கள். அவற்றில் ஏழு யாருடையவை என்று வகுப்பாசிரியருக்கே தெரியவில்லை. டிசி வாங்கிக்கொண்டு போனவர்களாக இருக்கலாம், எண்ணை மாற்றியவர்களாக இருக்கலாம். விவரம் இங்கிருந்துதான் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் போவதற்கு வழி இருந்தது, அதைத் திறந்து வைத்தது பள்ளி. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படங்களை இப்போது அழித்துவிடலாமே என்றால், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க இரண்டரை நாள்தான் அவகாசம். ஜூன் மாதப் படங்கள் ஒவ்வொருவர் போனிலும் தனித்தனியாகக் கிடக்கின்றன. தயவுசெய்து இன்றே கேலரியைத் திறந்து, அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் ஆதாரை நீக்கிவிடுங்கள். இனி எந்த ஆவணத்தையும் குரூப்பில் கேட்க மாட்டோம். நகலை அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் போதும். வேறு எங்காவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், ஆதார் தளத்தில் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த நகலை இறக்கிக்கொள்ளலாம். கடைசி நான்கு மட்டும் தெரியும். ஆதார் இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் "ஆதார் இல்லாட்டி பேரை எடுத்துடுவாங்க" என்று யாரும் பயப்பட வேண்டாம்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது டீக்கடை வைத்திருக்கும் ஒரு அப்பா, "நம்மகிட்ட திருட என்ன சார் இருக்கு?" என்று சிரித்தார். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டின் போன் நம்பர் இருக்கிறதே! போன வருடம் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே, மதிப்பெண் வருவதற்கு முன்பே, எத்தனை கல்லூரிகளிலிருந்து போன் வந்தது என்று மூத்த பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். காசு கொடுத்து வாங்க ஆள் இருப்பதால்தான் அந்தப் பட்டியல் கை மாறுகிறது.

இலவச ஆப்களும் இப்படித்தான். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்குப் பழக ஒரு ஆப் வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தேன். தொடர்பு எண்கள், இருப்பிடம், மைக் மூன்றுக்கும் அனுமதி கேட்டு, மூன்றையும் வாங்கியிருந்தது. பின்னம் கழிக்க மைக் எதற்கு? மூன்றையும் அணைத்தோம், ஆப் பாட்டுக்கு ஓடியது. உங்கள் வீட்டிலும் செட்டிங்ஸில் போய் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர்கள் எல்லோரும் குழந்தைகள். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் அவர்கள் விவரத்தை நிறுவனங்கள் கையாளக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. சம்மதம் வாங்கும் ஏற்பாட்டுக்கு நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எட்டாம் வகுப்பில், ஆப்களில் கணக்குத் தொடங்கும்போது என்ன பிறந்த வருடம் போட்டீர்கள் என்று கேட்டேன். "1995 சார்" என்றான் ஒருவன், கூச்சமே இல்லாமல். அவன் அப்பாவுக்கே அன்று கல்யாணம் ஆகியிருக்காது. அந்தக் கம்பெனியின் கணக்கில் அவன் வளர்ந்த ஆள், குழந்தைகளுக்கான எந்தப் பாதுகாப்பும் அவனுக்குக் கிடைக்காது. சட்டத்தை அவனே ஏமாற்றிவிட்டான். ஆகவே, பிள்ளையின் கணக்கில் எந்த வருடம் இருக்கிறது என்று அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். திட்ட வேண்டாம், திட்டினால் அடுத்த கணக்கை நமக்குத் தெரியாமல் தொடங்குவார்கள்.

அப்புறம், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஹால் டிக்கெட் வந்ததும் அதைப் படம் எடுத்து "ஆல் தி பெஸ்ட் தங்கம்" என்று ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். தேர்வு எண்ணும் பிறந்த தேதியும் அதிலேயே இருக்கின்றன. ரிசல்ட் பார்க்க அந்த இரண்டும் போதும். பிள்ளை தன் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் உங்கள் ஸ்டேட்டஸ் பார்ப்பவர்கள் எல்லோரும் பார்த்துவிடுவார்கள்.

யாராவது பணத்தை இழந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அப்புறம் என்னிடம் சொல்லுங்கள். ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில் கணினி ஆசிரியர் மாலை ஐந்து வரை ஆய்வகத்தில் இருப்பார். போன் செட்டிங்ஸ் பிடிபடாதவர்கள் போனை எடுத்துக்கொண்டு வாருங்கள். நானும் அங்கேதான் இருப்பேன், என் போனிலும் இன்னும் சில ஆப்கள் பாக்கி.

அன்புடன்,
தலைமையாசிரியர்