பலகை நிலத்துக்குக் கீழே ஈரம்

அன்புள்ள மச்சான்,

பலகை நிலத்துக்குக் கீழே ஈரமென்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ஹட்டனில் எல்லோரும் சுகம். இங்கே பின்னேரத்து இடிமழை மட்டுந்தான். பண்டாரவளையில் வடகீழ்ப் பருவமழை இறங்குமுன் உன் பழைய பங்களாவைக் கவனித்துவிடு.

தச்சு பாஸ் பலகையை மாற்றச் சொன்னாலும் இப்போது மாற்றாதே. ஈரம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் மாற்றினால் புதுப் பலகையும் உக்கிப்போகும். மேட்டுப்பக்கச் சுவரை முதலில் பார். வருசக்கணக்காக மண் சரிந்து, பூப்பாத்தியும் உயர்ந்து, காற்றுத் துவாரங்கள் புதைந்திருக்கும். துவாரத்துக்கு அரை அடி கீழே போகும்வரை மண்ணை வெட்டு. பீலித் தண்ணீர் சுவரடியில் விழாமல் கானுக்குப் போகட்டும். பாதி வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடும்.

பிறகு ஒரு சோதனை. பலகைக்கு அடியிலுள்ள மண்மேல் ஒரு மீற்றர் சதுரப் பொலித்தீன் விரித்து ஓரங்களில் கல் வை. இரண்டு நாளில் அடிப்பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேற்பக்கம் நின்றால் காற்றிலிருந்து. மண் ஈரமென்றால் 1000 கேஜ் தடிப்புள்ள பொலித்தீனை ஓர் அடி மேற்கவிய முழுவதும் விரி. ஆனால் பலகையைத் தாங்கும் சட்டங்களின் அடியில் அதை அடித்துவிடாதே, மரத்துக்குள் ஈரம் சிறைப்படும்.

காற்று எதிரெதிர்ச் சுவர்களில் நுழைந்து வெளியேற வேண்டும். சுவர் ஒவ்வொரு மீற்றருக்கும் 15 சதுர சென்ரிமீற்றர் திறப்பு என்பது பிரித்தானியக் கட்டட விதி. நம் பனிமூட்டத்துக்கு அதை இரட்டிப்பாக்கலாம் என்பது என் எண்ணம். எலிக்குப் பயந்து நுளம்பு வலை அடிப்பார்கள், தூசி அடைத்துக் காற்றே போகாது. கால் அங்குலக் கண்ணுள்ள வலை போதும். நடுவில் தாங்குசுவர் இருந்தால் அதிலும் ஓட்டைகள் வேண்டும்.

மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே தச்சுவேலை. சுவருக்குள் போகும் சட்ட நுனியை ஸ்குரு டிரைவரால் குத்திப் பார். உக்கல் முடியும் இடத்திலிருந்து நல்ல மரத்தில் ஒன்றரை அடி தள்ளி வெட்டி, பக்கத்தில் புதுச் சட்டம் வைத்து 12 மில்லிமீற்றர் போல்ட்டால் பூட்டு. நுனியைச் சுற்றிச் சாந்து நிரப்ப விடாதே, விரல் நுழையும் இடைவெளி விடு. கறையான் மண்கோடு தெரிந்தால் அது தனி வேலை.

பலகைமேல் கிடக்கும் லினோலியம் விரிப்பை இன்றைக்கே உரித்துவிடு, மேலே ஈரம் போக வழியில்லை. சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே எவ்வளவு உயரம் என்று அளந்து எழுது. ஆள் ஊர்ந்து போக முடியாவிட்டால் எந்தப் பலகைகளைக் கழற்றுவதென்று யோசிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்